பழைய 486-க்கு எந்த மவுஸ் டிரைவர்?

சித்தப்பாவின் அச்சகத்தில் ஓடிய 486, அதாவது 486 வகைச் சிப் கொண்ட பழைய கணினி, பல வருடமாகப் பரணில் கிடந்தது. போன வருடம் இறக்கித் தூசி தட்டி, செத்துப்போன ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையைப் பொருத்தி, எம்எஸ்-டாஸ் 6.22 என்ற பழைய இயங்குதளத்தை ஏற்றினேன். சி புராம்ப்ட் வந்தது. நிரல் எழுதும் டர்போ சி++ நீலத்திரையோடு திறந்தது. மவுஸை நகர்த்திப் பார்த்தேன், திரையில் எதுவும் அசையவில்லை.

அசையாததில் ஆச்சரியமும் இல்லை. மவுஸ் என்று ஒரு பொருள் இருப்பது டாஸுக்குத் தெரியாது. விசைப்பலகை, திரை, டிஸ்க் ஆகியவற்றை டாஸும், போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளும் பார்த்துக்கொள்ளும். மவுஸுக்கு மட்டும் நாம்தான் தனியாக ஒரு டிரைவரை ஏற்ற வேண்டும். அது நினைவகத்தில் ஒரு மூலையில் தங்கிக்கொண்டு, மவுஸிலிருந்து வரும் பைட்டுகளைப் படித்து, சுட்டி எங்கே இருக்கிறது, எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். புரோகிராம்கள் அந்தக் கணக்கைக் கேட்பது இன்டரப்ட் 33 என்ற அழைப்பு வழியாக. இது ஹெக்ஸ் எண், அதாவது 16-ஐ அடியாகக் கொண்டது.

இந்த வழியை வகுத்தது மைக்ரோசாஃப்ட். 1983-இல் தன் முதல் மவுஸை விற்கத் தொடங்கியது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் டிரைவர்களை அதே மாதிரி பேச வைத்தார்கள். அதனால்தான் இன்று நமக்குத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் மவுஸுக்கு இன்னொரு கம்பெனியின் டிரைவரைப் போடலாம், புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியும். நினைவகம் எவ்வளவு போகிறது, சுட்டி கைக்கு எப்படி இருக்கிறது, எந்தப் போர்ட்டில் வேலை செய்கிறது என்ற மூன்று இடங்களில் டிரைவர்கள் நிறையவே வேறுபடுகின்றன.

என்னிடம் மூன்று டிரைவர்கள் இருந்தன: விண்டோஸ் 3.1 உடன் வந்த மைக்ரோசாஃப்ட் டிரைவர் 8.20, ஒரு பழைய மவுஸோடு ஃப்ளாப்பியில் வந்த கம்பெனி டிரைவர், அப்புறம் கியூட்மவுஸ். மூன்றையும் சில வாரங்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இதே இடத்தில் நிற்பவர்களுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போர்ட்

டிரைவரைப் பற்றி யோசிக்கும் முன் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மவுஸை எங்கே செருகுகிறீர்கள் என்பதுதான் பாதி முடிவு.

486 காலத்து ஏடி வகைத் தாய்ப்பலகை (போர்டு) என்றால் விசைப்பலகைக்கு ஐந்து ஊசி கொண்ட பெரிய வட்டச் செருகி இருக்கும். மவுஸுக்கென்று தனி இடம் இருக்காது. அதற்கு ஒன்பது ஊசி சீரியல் போர்ட்தான், பெரும்பாலும் காம்1. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த பிஎஸ்/2 கணினிகளோடு அறிமுகமான சிறிய ஆறு ஊசி வட்டச் செருகி, சாதாரணக் கணினிகளில் பரவலானது பென்டியம் காலத்தில் ஏடிஎக்ஸ் போர்டுகள் வந்த பிறகு. சில 486 போர்டுகளில் பிஎஸ்/2 மவுஸுக்கான ஊசிகள் போர்டின் மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கத் தகடு மட்டும் இருக்காது. அந்த ஊசிகளின் வரிசை போர்டுக்குப் போர்டு மாறும். கையேடு பார்க்காமல் கம்பியைச் செருகாதீர்கள்.

இரண்டு போர்ட்டும் இருந்தால் பிஎஸ்/2-வையே எடுங்கள், காரணம் வேகம். சீரியல் மவுஸ் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் பேசுகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட். தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு ஒன்பது பிட் என்றால் மொத்தம் 27 பிட். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 44 செய்திக்கு மேல் போகாது. பிஎஸ்/2 மவுஸ் சாதாரணமாகவே 100 அனுப்பும். எடிட்டரில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. படம் வரையும்போதும் டூம் விளையாடும்போதும் கை உடனே சொல்லிவிடும்.

பிஎஸ்/2-க்கு இன்னொரு நன்மை, அது ஐஆர்க்யூ 12-ஐ (கணினியின் கவனத்தை அழைக்கும் வரிகளில் ஒன்று) எடுத்துக்கொள்வதால் வேறு யாரோடும் சண்டை இல்லை. சீரியலில் காம்1-உம் காம்3-உம் ஐஆர்க்யூ 4-ஐப் பகிர்ந்துகொள்கின்றன, காம்2-உம் காம்4-உம் ஐஆர்க்யூ 3-ஐ. காம்1-இல் மவுஸும் காம்3-இல் மோடமும் வைத்தால், மோடம் டயல் செய்த நொடியில் மவுஸ் உறைந்துவிடும். அந்தக் காலத்தில் எத்தனை பேர் இதை மவுஸ் கோளாறு என்று நினைத்துப் புதிது வாங்கியிருப்பார்கள்! மோடத்தை காம்2-க்கு மாற்றினால் முடிந்தது வேலை.

பிஎஸ்/2-இல் ஒன்றை மறக்கக் கூடாது. கணினி ஓடும்போது செருகவோ பிடுங்கவோ வேண்டாம். பழைய போர்டுகளில் அந்த வரிசையில் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், அது போனால் விசைப்பலகையும் சேர்ந்து போகலாம்.

என் 486-இல் பிஎஸ்/2 ஊசிகளே இல்லை. வீட்டில் இருந்ததோ நல்ல பிஎஸ்/2 ஆப்டிகல் மவுஸ். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பிஎஸ்/2-இலிருந்து ஒன்பது ஊசிக்கு மாற்றும் செருகி கிடைத்தது. "எல்லா மவுஸுக்கும் வேலை செய்யும் சார்" என்றார்கள். செருகினேன். கியூட்மவுஸை ஏற்றினேன். காம்1-இல் மவுஸ் சிஸ்டம்ஸ் (ஒரு மவுஸ் கம்பெனி) முறையில் நிறுவப்பட்டது என்று செய்தியும் வந்தது. ஆனால் சுட்டி நகரவே இல்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதில் போனது.

அங்கே இரண்டு விஷயம் சேர்ந்து ஏமாற்றின. அந்த மாதிரி செருகிகள் கம்பியை மட்டுமே மாற்றும், மொழியை மாற்றாது. சீரியலும் பிஎஸ்/2-உம் மின்னழுத்தத்திலேயே வேறு வேறு. இரண்டையும் பேசத் தெரிந்த மவுஸாக இருந்தால்தான் செருகி பயன்படும். அப்படிப்பட்ட மவுஸோடு அந்தச் செருகி பெட்டியிலேயே வரும். மற்ற மவுஸுக்கு நடுவில் மைக்ரோகண்ட்ரோலர் வைத்த மாற்றி வேண்டும். இரண்டாவது, கியூட்மவுஸ் எந்த மவுஸையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், தன்னை அடையாளம் சொல்லாத மவுஸ் சிஸ்டம்ஸ் வகை மவுஸ் இருக்கலாம் என்று எண்ணி அந்த முறையில் ஏறிக்கொள்ளும். அந்தச் செய்தியைப் பார்த்தால், உங்களிடம் உண்மையிலேயே அந்த வகை மவுஸ் இல்லாதவரை, மவுஸ் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். ஸ்லாஷ் ஒய் என்று சேர்த்து ஏற்றினால் அந்தத் தேடலைச் செய்யாது, உண்மையான நிலவரம் தெரியும்.

கடைசியில் பழைய சீரியல் பந்து மவுஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். முதல் நாள் சுட்டி தத்தித் தத்திப் போனது. டிரைவரின் வேக அமைப்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு மவுஸைத் திருப்பி, அடி வளையத்தைச் சுழற்றிக் கழற்றிப் பந்தை எடுத்தேன். உள்ளே இரண்டு மெல்லிய உருளைகள். இரண்டின் நடுவிலும் கறுப்பாக ஒரு பட்டை, பல வருட மேசை அழுக்கு அமுங்கி அமுங்கி ரப்பர் மாதிரி இறுகிப் போயிருந்தது. பல் குத்தும் குச்சியால் நெம்பினால் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. பந்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியில் உருட்டிக் காயவைத்துப் போட்டேன். சுட்டி எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. எந்த டிரைவராக இருந்தாலும் அமைப்புகளில் கைவைக்கும் முன் இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

சீரியல் போர்ட்டை ஒரு தட்டைக் கம்பியால் ஐ/ஓ அட்டையோடு இணைத்திருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். பத்து ஊசித் தலைப்பிலிருந்து ஒன்பது ஊசிச் செருகிக்குப் போகும் அந்தக் கம்பிகள் இரண்டு விதமான வரிசையில் விற்கப்பட்டன, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வேறு அட்டையின் கம்பியைப் போட்டால் மவுஸ் சத்தமே காட்டாது. மவுஸுக்கான மின்சாரமே இந்தச் செருகியின் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு வரிகளிலிருந்துதான் வருகிறது. அவை இடம் மாறினால் டிரைவர் என்ன செய்யும்?

மைக்ரோசாஃப்ட் 8.20

நான் முதலில் ஏற்றியது இதைத்தான். மவுஸ்.காம் என்ற ஒரே கோப்பு. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் ஒரு வரி போட்டால் போதும். தானே போர்ட்களைத் தேடி மவுஸைக் கண்டுபிடிக்கும். தேடல் தவறினால் ஸ்லாஷ் சி1, ஸ்லாஷ் சி2 என்று காம் போர்ட்டையோ, ஸ்லாஷ் இசட் என்று பிஎஸ்/2-வையோ கை காட்டலாம்.

சுட்டி கைக்குப் படியும் விதத்தில் இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து. மெதுவாக நகர்த்தினால் அங்குலம் அங்குலமாக நிற்கும், வேகமாகத் தள்ளினால் திரையின் மறுகோடிக்குப் பாயும். ஸ்லாஷ் எஸ் சேர்த்து 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுத்து உணர்திறனை மாற்றலாம். சின்ன மேசையில் மவுஸுக்கு ஒரு சாண் இடம்தான் என்றால் இந்த வேறுபாடு பெரிது.

மவுஸ்.சிஸ் என்று இதன் இன்னொரு வடிவமும் உண்டு, அதை, டாஸ் தொடங்கும்போதே படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் போட வேண்டும். இரண்டில் நான் மவுஸ்.காம் பக்கம். மவுஸ் ஆஃப் என்று தட்டினால் அதை இறக்கிவிடலாம், மீண்டும் வேண்டும்போது ஏற்றலாம். கான்ஃபிக்.சிஸ் வழியாக ஏற்றியதை மாற்ற வேண்டுமென்றால் கணினியை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இந்த டிரைவர் தன் அமைப்புகளை மவுஸ்.ஐஎன்ஐ என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் போர்ட்டில் மவுஸ் இருந்தது என்ற விவரமும் அதில் இருக்கும். மவுஸை வேறு போர்ட்டுக்கு மாற்றிய பிறகு தகராறு வந்தால் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், பழைய போர்ட்டின் பெயர் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

இதன் குறை நினைவகம். மெம் ஸ்லாஷ் சி என்று தட்டி வரும் பட்டியலில் மவுஸ் என்ற பெயருக்கு எதிரே சுமார் 17 கேபி நின்றது. இன்றைய கணக்கில் இது தூசுக்கும் சமம் இல்லை. டாஸின் சாதாரண நினைவகம் மொத்தமே 640 கேபிதான், அதிலும் டாஸ், சிடி டிரைவர், டிஸ்க் கேஷ் எல்லாம் முன்னாலேயே வந்து இடம்பிடித்துவிடும். அந்தச் சந்தையில் 17 கேபி என்பது நல்ல இடம்.

மவுஸோடு வந்த ஃப்ளாப்பி

லாஜிடெக், ஜீனியஸ் போன்ற கம்பெனிகள் மவுஸ் பெட்டியிலேயே ஒரு ஃப்ளாப்பியையும் வைத்துக் கொடுத்தன. ஜீனியஸின் டிரைவருக்கு ஜிமவுஸ் என்று பெயர், லாஜிடெக்கினதற்கும் மவுஸ் என்றே பெயர். இவற்றைத் தேட வேண்டிய காரணம் ஒன்றுதான்: மூன்றாவது பொத்தான்.

மைக்ரோசாஃப்ட்டின் சீரியல் முறை இரண்டு பொத்தான்களுக்கு மட்டும் வகுக்கப்பட்டது. மூன்று பொத்தான் வேண்டியவர்கள் வேறு வழி பிடித்தார்கள். மவுஸ் சிஸ்டம்ஸ் கம்பெனியின் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் ஐந்து பைட். லாஜிடெக் மைக்ரோசாஃப்ட் முறையோடு இன்னொரு பைட்டை ஒட்டவைத்தது. உங்கள் மவுஸின் அடியில் ஒரு சின்ன நகர்த்தி இருந்து, ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 என்றோ, எம்எஸ், பிசி என்றோ எழுதியிருந்தால் அது இந்த இரண்டு முறைகளுக்கு இடையே மாற்றுவதற்குத்தான். நகர்த்தி ஒரு பக்கமும் டிரைவர் மறுபக்கமும் நின்றால் சுட்டி பைத்தியம் பிடித்த மாதிரி மூலைக்கு மூலை ஓடும், அல்லது நகரவே நகராது. மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் நகர்த்தியைத் தள்ளிப் பாருங்கள்.

நடு பொத்தானைப் பயன்படுத்திய கேட் (CAD) வரைபட மென்பொருள்கள் இருந்தன. அப்படி ஒன்றை ஓட்டப் போகிறீர்கள், மவுஸோடு வந்த ஃப்ளாப்பியும் படிக்கும் நிலையில் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள். இல்லாவிட்டால் அதற்காக மெனக்கெட வேண்டாம். முப்பது வருட ஃப்ளாப்பியில் எது படிக்கும், எது படிக்காது என்று சொல்லவே முடியாது. கியூட்மவுஸும் மூன்று பொத்தான் வகைகளைத் தெரிந்து வைத்திருக்கிறது.

கியூட்மவுஸ்

நாகி டானியல் 1997 முதல் எழுதிய டிரைவர் இது. இப்போது ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸ் தொகுப்போடு வருகிறது. ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், நிரலையும் பார்க்கலாம். ஃப்ரீடாஸில் மட்டுமல்ல, எம்எஸ்-டாஸிலும் தாராளமாக ஓடும். கோப்பின் பெயர் சிடிமவுஸ்.

மைக்ரோசாஃப்ட் டிரைவரை இறக்கிவிட்டு இதை ஏற்றி, மெம் ஸ்லாஷ் சி தட்டினேன். பட்டியலில் 17 இருந்த இடத்தில் 3 கேபி. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். டர்போ சி++ திறந்தேன், மெனுவில் சுட்டி ஓடியது. எடிட் திறந்தேன், ஓடியது. அசெம்பிளியில் எழுதி, வேண்டாததை எல்லாம் ஏற்றும்போதே கழித்துவிட்டு, உங்கள் மவுஸுக்குத் தேவையான பகுதியை மட்டும் நினைவகத்தில் விட்டுவைப்பதால் இது முடிகிறது. ஒருவர் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் மனசுக்குள் ஒரு மரியாதை வருகிறது.

அப்பர் மெமரி, அதாவது 640 கேபிக்கு மேல் 1 எம்பி வரையிலான பகுதி, திறந்திருந்தால், மேலே ஏற்றச் சொல்லும் லோட்ஹை கட்டளை இல்லாமலேயே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டாம் என்றால் ஸ்லாஷ் டபிள்யூ. இறக்குவதற்கு ஸ்லாஷ் யு. சீரியல் மட்டும் தேட ஸ்லாஷ் எஸ், பிஎஸ்/2 மட்டும் தேட ஸ்லாஷ் பி. இடது கைக்காரர்களுக்குப் பொத்தான்களை மாற்ற ஸ்லாஷ் எல். சுட்டி மெதுவாக இருந்தால் ஸ்லாஷ் ஆர் சேர்த்து ஓர் எண்.

எந்தப் பதிப்பு என்ற கேள்வி இங்கே வரும். 1.9.1 பழையது, சக்கரம் தெரியாது, ஆனால் அசையாமல் நிற்கும். 2.1 பீட்டாவுக்கு மவுஸ் சக்கரமும் தெரியும். டாஸ் புரோகிராம்களில் சக்கரத்தைக் கேட்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. 486-இல் 1.9.1 போதும் என்பேன். பென்டியம் மூன்று மாதிரி கணினியில் பயாஸ் வழியாக யுஎஸ்பி மவுஸை பிஎஸ்/2 போலக் காட்ட வைத்திருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்து, எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குறை உண்டா? உண்டு. சுட்டியின் ஓட்டம் மைக்ரோசாஃப்டினது போல அவ்வளவு நயமாக இல்லை. முதல் இரண்டு நாள் கை தேடியது. பிறகு பழகிவிட்டது.

அந்த 14 கேபி எங்கே உறுத்தும்

இரண்டுக்கும் இடையே உள்ள 14 கேபியை அப்பர் மெமரியில் தள்ளிவிட்டால் ஆயிற்று, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். பல கணினிகளில் அது சரிதான். கான்ஃபிக்.சிஸ்ஸில் ஹைமெம்.சிஸ், அதன் பிறகு அப்பர் மெமரியைத் திறக்கும் இஎம்எம்386, அப்புறம் டாஸ் ஈக்வல்ஸ் ஹை கமா யுஎம்பி என்ற வரி இருந்தால், ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் லோட்ஹை சொல்லி மைக்ரோசாஃப்ட் டிரைவரையும் மேலே அனுப்பலாம். இடம் இருந்தால் போகும், இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் கீழேயே தங்கிவிடும். ஆகவே ஏற்றிய பிறகு மெம் ஸ்லாஷ் சி போட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சிக்கல், இஎம்எம்386-ஐ ஏற்றவே முடியாத இடங்களில். 1992-இல் வந்த அல்டிமா 7 விளையாட்டு நல்ல உதாரணம். அது வூடூ என்ற தன் சொந்த நினைவக நிர்வாகியை வைத்திருந்தது, இஎம்எம்386 இருந்தால் தொடங்காது. இஎம்எம்386 இல்லையென்றால் அப்பர் மெமரி இல்லை, எல்லா டிரைவரும் 640 கேபிக்குள்தான். அந்த விளையாட்டோ முழுக்க முழுக்க மவுஸை நம்பியது. பொருளை எடுக்க, கதவைத் திறக்க, சண்டை போட எல்லாவற்றுக்கும் மவுஸ். டிரைவரை விடவும் முடியாது, 17 கேபி கொடுக்கவும் முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் கியூட்மவுஸ் வரம்தான். பூட் ஃப்ளாப்பி தயாரிக்கும்போதும் அப்படியே, மற்றக் கோப்புகளுக்கு நடுவில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை.

விண்டோஸ் வந்தால்

விண்டோஸ் 3.1-க்குத் தன் சொந்த மவுஸ் டிரைவர் இருக்கிறது. விண்டோஸ் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் டாஸ் டிரைவரே தேவையில்லை, ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் வீணாக ஒரு வரி வேண்டாம். விண்டோஸுக்குள் திறக்கும் டாஸ் புரோகிராமில் மவுஸ் வேண்டும் என்றால்தான் விண்டோஸைத் தொடங்கும் முன் டாஸ் டிரைவரை ஏற்ற வேண்டும். அந்த ஒரு வேலைக்கு நான் 8.20-ஐத்தான் நம்புகிறேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், முழுத்திரையாக இல்லாமல் சின்னச் சாளரத்தில் ஓடும் டாஸ் புரோகிராமிலும் சுட்டி ஒழுங்காக வேலை செய்யும்.

விண்டோஸ் 95-இல் இந்தக் கவலை பாதி குறைந்தது. டாஸ் சாளரங்களுக்கு மவுஸை அதுவே கொடுத்துவிடும். ஆனால் எம்எஸ்-டாஸ் முறைக்கு மாறினால் மவுஸ் காணாமல் போகும். அதற்கு விண்டோஸ் கோப்புறையில் டாஸ்ஸ்டார்ட்.பேட் என்ற கோப்பில் கியூட்மவுஸ் வரியைச் சேர்த்தால் போதும். அந்த முறைக்குப் போகும்போது மட்டும் அது ஏறும்.

ஏறியதா என்று பார்க்க

நம் ஊர்க் கல்லூரிகளில் டர்போ சி படித்தவர்களுக்கு இந்தச் சோதனை பழக்கம்தான். இன்ட்86 என்ற செயல்கூறில் ஏஎக்ஸ் என்ற இடத்தில் 0 வைத்து இன்டரப்ட் 33-ஐ அழைத்தால், டிரைவர் இருந்தால் ஏஎக்ஸில் மைனஸ் 1 வரும், பிஎக்ஸில் பொத்தான்களின் எண்ணிக்கை. 1 வைத்து அழைத்தால் சுட்டி தெரியும். 3 வைத்து அழைத்தால் சுட்டியின் இடமும், எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பதும் கிடைக்கும். பத்து வரி நிரல் போதும், எந்த டிரைவருக்கும் பொருந்தும்.

320க்கு 200 கிராபிக்ஸ் முறையில் எழுதினால் ஒன்று நினைவிருக்கட்டும். கிடைமட்ட எண் 0 முதல் 639 வரை வரும், இரண்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் திரையில் எட்டால் வகுத்தால் எந்தக் கட்டத்தில் சுட்டி நிற்கிறது என்று தெரியும். இதைத் தெரியாமல் டிரைவரைச் சந்தேகித்து மாற்றிக்கொண்டிருந்தவர்களை லேபில் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்துக்கொண்டது

விளையாட்டும் டர்போ சி-யும்தான் வேலை என்றால் கியூட்மவுஸ் 1.9.1, இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. விண்டோஸ் 3.1-ஐயும் அதற்குள் டாஸ் புரோகிராம்களையும் ஓட்டுபவர், நினைவகம் தாராளமாக இருப்பவர், சுட்டியின் நயத்துக்காக ஏங்குபவர் மைக்ரோசாஃப்ட் 8.20-ஐப் போடலாம். கம்பெனி டிரைவர், நடு பொத்தானைக் கேட்கும் மென்பொருள் இருந்தால் மட்டும்.

என் 486-இல் இரண்டுமே இருக்கின்றன. எம்எஸ்-டாஸ் 6 முதல் கான்ஃபிக்.சிஸ்ஸிலேயே மெனு போடும் வசதி உண்டு. கணினி தொடங்கும்போது இரண்டு வரி வரும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று விளையாட்டு. எதைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தப் பெயர் கான்ஃபிக் என்ற மாறியில் வந்து நிற்கும். ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் அந்தப் பெயருக்குத் தாவச் சொல்லி ஒரு வரி எழுதினால், முதல் வழியில் இஎம்எம்386-உம் 8.20-உம் ஏறும், இரண்டாவதில் ஹைமெம் மட்டும், கூடவே கியூட்மவுஸ். எதையும் தொடாவிட்டால் பத்து நொடியில் அதுவாகவே விளையாட்டு வழியை எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். சித்தப்பா வந்தால் அம்புக்குறியை மேலே நகர்த்தி விண்டோஸுக்குப் போவார். பந்து மவுஸைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத் திருப்பி அடியைப் பார்ப்பார், அச்சகத்தில் இருந்த காலத்துப் பழக்கம்.